அம்மாவுக்கு உயர்ந்தது 27 டாலர். வாட்ஸ்அப் சொல்லும் 2,000 டாலர் எங்கே?

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். 72 வயதாகும் என் அம்மா அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். முதியோருக்கான மானிய வாடகைக் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். பத்தாண்டுகளுக்கு மேல் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்ததால் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியமாக மாதம் 500 டாலரும், குறைந்த வருமானத்துக்கான எஸ்எஸ்ஐ உதவியும் அவருக்கு வருகின்றன. 2025 டிசம்பரில் எஸ்எஸ்ஐ இரண்டு முறை வரவாகியிருக்கிறது. அது, அரசு மக்களுக்கு நேரடியாக அனுப்பும் ஸ்டிமுலஸ் பணத்தின் முதல் தவணை என்றும், அடுத்து 2,000 டாலர் வரப்போகிறது என்றும் அவருடைய வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொள்கிறார்கள். அதை நம்பிப் பல் செட் கட்டுவதற்கு அம்மா மருத்துவரிடம் தேதி வாங்கிவிட்டார். இப்போதைக்கு நானே 2,000 டாலரை அவர் கணக்கில் போட்டுவிட்டு, அரசுப் பணம் வந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் கைப்பணம் நஷ்டமாகக்கூடிய இடம் அதுதான். அம்மாவின் கணக்கில் 2,000 டாலரைப் போடாதீர்கள். எஸ்எஸ்ஐ பெறும் தனி நபர் வைத்திருக்கக்கூடிய சேமிப்புக்கும் சொத்துக்கும் உச்சவரம்பு 2,000 டாலர். விலைவாசி எவ்வளவோ ஏறியும் அந்த வரம்பு 1989-இல் இருந்த இடத்திலேயே நிற்கிறது. பிள்ளைகள் கொடுக்கும் ரொக்கம், கொடுத்த மாதத்தில் பெற்றோரின் வருமானமாகக் கொள்ளப்படும். அதில் செலவாகாமல் மிஞ்சுவது அடுத்த மாதத்தின் முதல் நாளில் சொத்துக் கணக்கில் சேர்ந்துவிடும். நீங்கள் போடும் 2,000 டாலர் அந்த மாதத்து எஸ்எஸ்ஐ முழுவதையும் இல்லாமல் ஆக்கிவிடும் என்பதோடு, பணம் ஏற்கெனவே அனுப்பப்பட்டிருந்தால் கூடுதலாகத் தரப்பட்டதைத் திருப்பிச் செலுத்தும்படி சில மாதங்கள் கழித்து நோட்டீசும் வரும். கடன் என்று எழுதி வாங்கிக்கொண்டால் அது வருமானம் ஆகாது என்று சிலர் சொல்வது உண்மைதான் என்றாலும், அந்தக் கடனைத் திருப்பித் தர நடைமுறைக்கு ஒத்த வழி இருக்க வேண்டும் என்பதும் அதே விதியின் பகுதி. சட்டமே ஆகாத ஓர் அரசுப் பணத்தை அந்த வழியாகக் காட்ட முடியாது.

பல் செட்டுக்கு வேறு வழி இருக்கிறது. நியூ ஜெர்சியில் எஸ்எஸ்ஐ பெறுபவர்களுக்கு, குறைந்த வருமானத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டும் கிடைக்கிறது. அம்மாநிலத்தில் அதை என்ஜே ஃபேமிலிகேர் என்கிறார்கள். அது பெரியவர்களின் பல் சிகிச்சையையும், முன் அனுமதி பெற்றால் பல் செட்டையும் ஏற்றுக்கொள்கிறது. தேதி வாங்கிய மருத்துவர் அந்தத் திட்டத்தை ஏற்பவர்தானா என்று முதலில் கேளுங்கள். அதற்கும் மேல் ஏதாவது கட்ட வேண்டியிருந்தால் அம்மாவின் கையில் கொடுக்காமல் மருத்துவமனைக்கே நீங்கள் செலுத்திவிடுங்கள். மருத்துவச் செலவை இன்னொருவர் நேரடியாகக் கட்டுவது எஸ்எஸ்ஐ கணக்கில் வருமானமாகாது. அம்மாவின் தொலைபேசிக் கட்டணத்துக்கும் இதே விதிதான். 2024 செப்டம்பர் 30 முதல் மளிகையும் உணவும்கூட அந்தக் கணக்கிலிருந்து விலக்கப்பட்டுவிட்டன. ஆனால் வாடகையை நீங்கள் கட்டத் தொடங்கினால் உதவித்தொகை குறையும்.

இப்போது அந்த இரண்டு வரவுகளுக்கு வருவோம். எஸ்எஸ்ஐ ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி தரப்பட வேண்டியது. அந்த நாள் சனி, ஞாயிறு அல்லது அரசு விடுமுறையாக அமைந்தால் அதற்கு முந்தைய வேலை நாளிலேயே பணம் வந்துவிடும். 2026 ஜனவரி 1 புத்தாண்டு விடுமுறை என்பதால் ஜனவரிப் பணம் டிசம்பர் 31 அன்றே வந்தது. அம்மாவின் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தால், டிசம்பர் 1-இல் எஸ்எஸ்ஐயின் 487, டிசம்பர் 3-இல் சோஷியல் செக்யூரிட்டியின் 500, டிசம்பர் 31-இல் எஸ்எஸ்ஐயின் 500, ஜனவரி 2-இல் சோஷியல் செக்யூரிட்டியின் 514 என்று நான்கு வரவுகள் இருக்கும். இந்தத் தொகைகள் எப்படி வந்தன என்பதைப் பின்னால் சொல்கிறேன். மாநில அரசு சேர்த்துத் தரும் சிறு தொகையை இந்தக் கணக்கில் நான் விட்டிருக்கிறேன். இவற்றில் எதுவும் கூடுதல் பணமில்லை. வரவின் எதிரே உள்ள விவரத்தையும் படித்துப் பாருங்கள். எஸ்எஸ்ஐ ட்ரெஸ் 310 என்றும் எஸ்எஸ்ஏ (சோஷியல் செக்யூரிட்டி) ட்ரெஸ் 310 என்றும் தொடங்குபவை மாதாந்திர உதவிகள். 2020, 2021 ஆண்டுகளில் ஸ்டிமுலஸ் பணம் வந்தபோது அதே இடத்தில் ஐஆர்எஸ் ட்ரெஸ் 310 என்று இருந்தது, ஏனென்றால் அதை அனுப்பியது வருமான வரித் துறை.

நாட்காட்டியின் இந்த விளையாட்டு இத்துடன் முடியவில்லை. 2026-இல் பிப்ரவரி 1-உம் மார்ச் 1-உம் ஞாயிற்றுக்கிழமைகள் என்பதால் பிப்ரவரிப் பணம் ஜனவரி 30-இலும், மார்ச் பணம் பிப்ரவரி 27-இலும் வந்துவிடும். அதன் பிறகு ஏப்ரல் 1 வரை எஸ்எஸ்ஐ வராது. மார்ச் மாதத்தில் பணத்தை நிறுத்திவிட்டார்கள் என்று அதே குழுவில் வேறொரு செய்தி கிளம்பினால் வியப்பதற்கில்லை. 2025 ஆகஸ்டிலும் அக்டோபரிலும்கூட எஸ்எஸ்ஐ இரண்டு முறை வந்தது. செப்டம்பரிலும் நவம்பரிலும் வரவில்லை.

அம்மாவுக்கு உண்மையில் கிடைத்திருப்பது, விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் உதவித்தொகையைத் திருத்தும் கோலா உயர்வு. 1972-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின்படி 1975 முதல் இது தானாகவே நடைபெற்று வருகிறது. உழைப்பாளர் குடும்பங்களின் செலவை அளக்கும் சிபிஐ-டபிள்யூ என்ற விலைக் குறியீட்டின் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் சராசரியை முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதச் சராசரியோடு ஒப்பிட்டு, எத்தனை விழுக்காடு ஏறியிருக்கிறதோ அத்தனை விழுக்காட்டை ஜனவரியில் தரப்படும் தொகையில் கூட்டுகிறார்கள். குடியரசுத் தலைவரின் அறிவிப்போ புதிய வாக்கெடுப்போ இதற்குத் தேவையில்லை. விலை ஏறாத ஆண்டில் உயர்வும் கிடையாது. 2010, 2011, 2016 ஆகிய ஆண்டுகளில் அது பூஜ்யமாக இருந்தது. 2023-இல் 8.7 விழுக்காடாக இருந்தது 2024-இல் 3.2, 2025-இல் 2.5 என்று இறங்கி, 2026-க்கு 2.8 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டது. வழக்கமாக அக்டோபர் நடுவில் வரும் அந்த அறிவிப்பு, அரசு அலுவலகங்கள் முடங்கிக் கிடந்ததால் 24-ஆம் தேதி வெளியானது; அந்த இடைவெளியில் வதந்திகள் கொழுத்துவிட்டன.

2026-இல் தனி நபருக்கான எஸ்எஸ்ஐயின் கூட்டரசு உச்சத் தொகை 967 டாலரிலிருந்து 994 டாலராகவும், தம்பதிக்கு 1,450-இலிருந்து 1,491 டாலராகவும் உயர்ந்திருக்கிறது. அம்மாவுக்கு 994 டாலர் முழுமையாகக் கிடைக்காது. அவருடைய சோஷியல் செக்யூரிட்டித் தொகையில் 20 டாலரை விட்டுவிட்டு மீதியை எஸ்எஸ்ஐயிலிருந்து கழிப்பார்கள். 2025-இல் 500-இல் 20 போக 480. அதை 967-இல் கழித்தால் 487. 2026-இல் சோஷியல் செக்யூரிட்டி 514 ஆனதால் கழிக்க வேண்டியது 494. அதை 994-இல் கழித்தால் 500. மொத்த வரவு 987-இலிருந்து 1,014 ஆகிறது, அதாவது மாதம் 27 டாலர் உயர்வு. இரண்டு உதவிகளும் உயர்ந்திருப்பதால் இரண்டு முழு உயர்வுகள் கிடைக்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். ஒன்று ஏறும்போது மற்றொன்று அதற்கேற்பக் குறைவாகவே ஏறும் என்பதே இத்திட்டத்தின் அமைப்பு.

அந்த 27 டாலரும் முழுதாகக் கையில் தங்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். மானியக் குடியிருப்பில் வாடகை பெரும்பாலும் வருமானத்தின் 30 விழுக்காடாக நிர்ணயிக்கப்படுவதால், அடுத்த மறுகணக்கீட்டில் ஏறக்குறைய 8 டாலர் அங்கே போய்விடும். ஸ்னாப் உணவு உதவி பெறுகிறார் என்றால் அதிலும் வருமானம் உயர உயர 30 விழுக்காடோ அதற்குச் சற்று மேலோ குறையும். இரண்டும் சேர்ந்தால் உயர்வில் பாதிகூட மிஞ்சாமல் போகலாம். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பார்ட் பி பகுதிக்கான பிரீமியம் 2026-இல் மாதம் 185 டாலரிலிருந்து 202.90 ஆக ஏறியிருக்கிறது. எஸ்எஸ்ஐயும் மெடிகெய்டும் உள்ளவர்களுக்கு அதை மாநிலமே கட்டுவது வழக்கம் என்பதால் அம்மாவுக்கு அந்தச் சுமை விழக் கூடாது. சோஷியல் செக்யூரிட்டி அனுப்பிய கடிதத்தில் பிரீமியம் பிடித்தம் காட்டப்பட்டிருந்தால் உடனே மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேளுங்கள். 27 டாலரை எதிர்பார்த்திருக்கும் ஒருவரிடமிருந்து மாதம் 202.90 டாலர் தவறாகப் பிடிக்கப்படுவது சாதாரணப் பிழையன்று.

ஸ்டிமுலஸ் முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. அது தானாக வராது. ஒவ்வொரு முறையும் காங்கிரசின் இரு அவைகளும் தனிச் சட்டம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் கையெழுத்திட வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் அப்படி மூன்று முறை நடந்தது: 2020 மார்ச் மாதச் சட்டத்தின்படி 1,200 டாலர், அதே ஆண்டு டிசம்பர்ச் சட்டத்தின்படி 600, 2021 மார்ச் மாதச் சட்டத்தின்படி 1,400. எஸ்எஸ்ஐ பெற்ற பெரும்பாலோருக்கு அவை விண்ணப்பமின்றியே வந்தன. சொத்து வரம்பிலும் சேர்க்கப்படவில்லை. மூன்றாவது தொகையை வாங்காமல் விட்டவர்கள் 2021-ஆம் ஆண்டுக்கான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து கேட்பதற்கான கெடு 2025 ஏப்ரல் 15-உடன் முடிந்துவிட்டது. இன்னமும் விண்ணப்பிக்கலாம் என்று வரும் செய்திகளைப் படிக்காமலேயே அழித்துவிடலாம்.

அந்த 2,000 டாலர் பேச்சுக்கு ஒரு மூலம் இருக்கிறது. இறக்குமதித் தீர்வையில் சேரும் பணத்திலிருந்து ஆளுக்குக் குறைந்தது 2,000 டாலர் தரப்படும் என்று 2025 நவம்பரில் டிரம்ப் தம் சமூக ஊடகப் பக்கத்தில் எழுதினார். அதற்கு முன் ஜூலையில் செனட்டர் ஜாஷ் ஹாலி 600 டாலர் வழங்கும் மசோதா ஒன்றைத் தாக்கல் செய்தார். இந்தப் பதிலை எழுதும் 2026 ஜனவரி வரை இரண்டும் சட்டமாகவில்லை. நாளையே ஒரு சட்டம் வந்தாலும் அது யாருக்குப் பொருந்தும், வரிக் கணக்குத் தாக்கல் செய்யாத முதியோருக்கு உண்டா, எஸ்எஸ்ஐ வரம்பில் சேருமா என்பவற்றையெல்லாம் அந்தச் சட்டத்தின் வாசகமே முடிவு செய்யும். அதற்கு முன்னால் ஒரு தேதியையும் தொகையையும் சேர்த்துச் சொல்பவர் எவராயினும் கற்பனையாகவே சொல்கிறார்.

முதியோருக்கு 6,000 டாலர் என்று இன்னொரு பேச்சும் அம்மாவின் காதுக்கு வந்திருக்கலாம். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தில் அப்படி ஒரு தொகை இருப்பது உண்மை. ஆனால் அது 65 வயது நிறைந்தவர்கள் 2025 முதல் 2028 வரை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகையே தவிர, காசோலையாக வருவதன்று. வரியே கட்ட வேண்டியிராத உங்கள் அம்மாவுக்கு அதனால் ஒரு டாலரும் கிடைக்காது. பக்கத்து மாநிலமான நியூயார்க், 2023-ஆம் ஆண்டு வரிக் கணக்குத் தாக்கல் செய்தவர்களுக்கு 150 முதல் 400 டாலர் வரை காசோலை அனுப்பியதும் உண்மை. அந்தப் படத்தை நியூ ஜெர்சிக் குழுவில் யாராவது போட்டால் பார்ப்பவர் நம்பத்தான் செய்வார். வதந்தி வெறுங்கையால் கட்டப்படுவதில்லை என்பதால்தான் அம்மாவை ஏமாளி என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

எது உண்மை என்று அறிய வழி எளிது. டிசம்பரில் சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம் ஒவ்வொருவருக்கும் புதிய தொகையைக் குறிப்பிட்டுக் கடிதம் அனுப்புகிறது. அவர்களுடைய இணையக் கணக்கில் அம்மா பதிந்திருந்தால் அங்கேயும் அது கிடைக்கும். அந்தக் கடிதத்தில் இல்லாத பணத்துக்காக எந்தச் செலவையும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கோலா உயர்வுக்கு விண்ணப்பமும் இல்லை, கட்டணமும் இல்லை. அதைப் பெறுவதற்குத் தகவலை உறுதி செய்யச் சொல்லி வரும் குறுஞ்செய்தி மோசடியே.

வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பு எதையாவது திறந்து தம் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ வங்கி விவரத்தையோ கொடுத்தாரா என்று அம்மாவிடம் கடிந்துகொள்ளாமல் கேளுங்கள், கடிந்தால் மறைத்துவிடுவார். கொடுத்திருந்தால் முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள். பிறகு 1-800-772-1213 என்ற எண்ணில் சோஷியல் செக்யூரிட்டியை அழைத்து, உதவித்தொகை செல்லும் வங்கிக் கணக்கை இணையத்தின் மூலம் எவரும் மாற்ற முடியாதபடி தடை வைக்கச் சொல்லுங்கள். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கடன் தகவல் நிறுவனங்களிலும், அவர் பெயரில் வேறு எவரும் கடன் வாங்காதபடி அம்மாவின் கிரெடிட்டை முடக்கி வைப்பதற்குக் கட்டணம் இல்லை. பேசும்போது அம்மா உங்கள் பக்கத்தில் இருக்கட்டும், ஏனென்றால் அவருடைய ஒப்புதலைக் கேட்காமல் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார்கள்.