சாயட்டும், தானே நிமிரட்டும்: மூளை முடக்குவாதக் குழந்தைகளின் பெற்றோர் கேட்டவை

மூளை முடக்குவாதம் (செரிபிரல் பால்சி) என்பது, வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவும் சமநிலையும் குன்றுவது.

கேள்வி: மகனுக்கு 4 வயது. உட்கார வைத்தால் உட்காருகிறான். பொம்மையை எடுக்கக் கை நீட்டினால் சாய்ந்துவிடுகிறான். வீட்டில் என்ன செய்யலாம்?

பதில்: குட்டை ஸ்டூலில் உட்கார வையுங்கள். பாதம் இரண்டும் முழுதாகப் படிய வேண்டும்; கால் தொங்கினால் அடியில் பலகை போடுங்கள். நீங்கள் பின்னால் இருந்து இடுப்பைப் பிடியுங்கள், அக்குளை வேண்டாம். பிடித்த பொருளை, கைக்கு எட்டும் தூரத்தைவிடக் கொஞ்சம் தள்ளி, முதலில் முன்னால், அப்புறம் பக்கவாட்டில் காட்டுங்கள். சாய்ந்ததும் தூக்கி நிமிர்த்திவிடாதீர்கள். உடம்பை இழுத்துப் பிடிக்க முதுகும் வயிறும் பழகுவது அந்த ஓரிரு நொடியில்தான். பெரும்பாலும் அம்மாவின் கை முந்திக்கொள்கிறது. பயம் இருக்கத்தான் செய்யும். சுற்றிலும் மெத்தை விரித்துவிட்டுப் பிடியைத் தளர்த்துங்கள். தேறத் தேற, கையை இடுப்பிலிருந்து தொடைக்கு இறக்கி, பிறகு எடுத்துவிடலாம்.

கேள்வி: மகளுக்கு 7 வயது. வலது கை, கால் பலவீனம். நடக்கிறாள், ஆனால் அடிக்கடி விழுகிறாள்.

பதில்: இப்படிப்பட்ட பிள்ளைகள் நல்ல காலிலேயே பாரம் போட்டுப் பழகிவிடுவார்கள். ஸ்டூலிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். அப்போது இடது பாதம் சற்று முன்னால், வலது பாதம் பின்னால் இருக்கட்டும். பின்னால் உள்ள கால்தான் அதிகப் பாரம் தாங்கும். அது சுலபமானதும், இடது காலை வாசற்படியில் தூக்கி வைத்துக்கொண்டு பந்து எறியட்டும். பக்கத்திலேயே நில்லுங்கள். ஸ்பிளின்ட் (காலைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) போடுபவள் என்றால், அதோடு செய்வதா கழற்றிவிட்டா என்று உங்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள்.

கேள்வி: வாரம் இரண்டு நாள் தெரபிக்குப் போகிறோம். போதுமா?

பதில்: அது மட்டும் போதாது. வாஷ்பேசின் முன் நின்று பல் தேய்ப்பது, ஸ்டூலில் உட்கார்ந்து கால்சட்டை மாட்டுவது, குனிந்து செருப்பை எடுப்பது எல்லாமே பயிற்சிதான். அவசரத்தில் நீங்களே செய்து முடித்துவிடாதீர்கள்.

கேள்வி: மாமியார் எண்ணெய் தேய்த்துக் கால்களை நீட்டி மடக்குகிறார். பலன் உண்டா?

பதில்: மென்மையாகத் தேய்க்கட்டும், குழந்தைக்குச் சுகமாக இருக்கும். ஆனால் அடுத்தவர் அசைத்துவிட்டால் சமநிலை வராது. குழந்தையே முயல வேண்டும்.

கேள்வி: 9 வயது மகனுக்குத் தலை நிற்கவில்லை. தொடையை விரித்தால் அழுகிறான். பயிற்சியைத் தொடரலாமா?

பதில்: தொடையை விரிப்பதை உடனே நிறுத்துங்கள். நடக்காத குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகுவது சகஜம். வலியே இல்லாமலும் நடக்கும். எலும்பு மருத்துவரைப் பார்த்து இடுப்பு எக்ஸ்ரே எடுங்கள். மூட்டின் நிலை தெரிந்தபின், தலையை நிறுத்தும் பயிற்சியை எந்த நிலையில் வைத்துச் செய்வது என்று தெரபிஸ்ட்டோடு முடிவு செய்யலாம்.