ஸ்கேனும் ஸ்ட்ரோக்கும்: வாசகர் கேள்விகள்

சிடி நார்மல் என்கிறார்கள். அப்போ அப்பாவுக்கு ஸ்ட்ரோக் இல்லைதானே? (சாட்ஸ்வொர்த்)

அப்படிச் சொல்ல முடியாது. முதல் சில மணி நேரம் சாதா சிடியில் அடைப்பு தெரியாமல் போவது சகஜம், அதை எடுப்பதே ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான். டிஃப்யூஷன் எம்ஆர்ஐ (புது அடைப்பைச் சீக்கிரமே வெள்ளையாகக் காட்டும் ஸ்கேன்) கேளுங்கள்.

தங்கைக்குப் பிரசவமாகி 10 நாள். கடும் தலைவலி, அப்புறம் வலிப்பு, வலது கை அசையவில்லை. வார்டில் இருக்கிறாள். படம் அனுப்பியிருக்கிறேன். (பீனிக்ஸ்)

நீங்கள் அனுப்பியது போனில் எடுத்த ஒரே ஒரு ஸ்லைஸ் (ஸ்கேனின் ஒரு குறுக்குவெட்டுப் படம்), அதுவும் ட்யூப்லைட் வெளிச்சம் விழுந்தது. ஒரு ஸ்லைஸை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது, இதை எத்தனை தடவைதான் எழுதுவது! ஆனால் நீங்கள் எழுதிய கதை படத்தைவிடத் தெளிவாக இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் தலைவலியும் வலிப்பும் சேர்ந்து வந்தால் மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதைதான். படத்தில் துப்பு என்னவென்றால், பாதிப்பு எந்தத் தமனியின் எல்லைக்கும் அடங்காது, சில சமயம் இரண்டு பக்கமும் இருக்கும், நடுவே ரத்தக்கசிவும் தெரியும். கான்ட்ராஸ்ட் (படத்தில் ரத்தக்குழாய் பளிச்சென்று தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) கொடுத்தால் பின்மண்டை சைனஸின் நடுவில் காலியான முக்கோணம் தெரியலாம் (மூக்கு சைனஸ் இல்லை, மூளையின் பெரிய சிரை). ஆனால் விண்ணப்பத்தில் 'ஸ்ட்ரோக்?' என்று ஒற்றைச் சொல் எழுதி, பிரசவத்தைப் பற்றி மூச்சே விடாமல் சாதா சிடிக்கு அனுப்பினால் படம் பார்ப்பவர் என்ன செய்வார்? இப்படித் தவறிப்போன பெண்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு கோபம். சிரைகளுக்கான வெனோகிராம் எடுக்கச் சொல்லி இன்றே டாக்டரிடம் கேளுங்கள். இந்த உறைவால் வந்த கசிவு என்றால், ரத்தக்கசிவு இருந்தாலும் ஹெபாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) கொடுப்பதுதான் வழக்கம், பயப்படாதீர்கள்.

30 வயது, எச்ஐவி உண்டு, இரண்டு வாரக் காய்ச்சல். பேசல் கேங்லியாவில் (மூளையின் ஆழப்பகுதி) இன்ஃபார்க்ட் (ரத்தம் போகாமல் திசு செத்த இடம்). (பயிற்சி மருத்துவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நம் தென்னாப்பிரிக்காவில் இதற்குக் காசநோய் மூளைச்சவ்வு அழற்சியைத்தான் முதலில் நினைக்க வேண்டும், தம்பி. மூளையின் அடிப்பகுதிச் சவ்வு கான்ட்ராஸ்டில் தடிப்பாக மின்னுகிறதா, வென்ட்ரிகிள் (மூளைக்குள் நீர் நிற்கும் அறை) பெருத்திருக்கிறதா பாருங்கள். சில வாரம் முன்பு நெற்றியில் அக்கி வந்ததா என்றும் கேளுங்கள், அந்த வைரஸும் தமனியைக் கெடுக்கும். கான்ட்ராஸ்ட் கொடுத்தார்களா இல்லையா என்று நீங்கள் எழுதவே இல்லையே!

முடிதிருத்தும் கடையில் கழுத்தைச் சொடுக்கினார்கள். இரண்டு நாளாகக் கழுத்து வலி, ஒரு கண் இமை தொங்குகிறது. (லெனேஷியா)

இதைப் படித்தவுடன் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். கழுத்து வழியே மூளைக்குப் போகும் கரோட்டிட் தமனியின் உள்சுவர் கிழிந்திருக்கலாம். கழுத்துத் தமனிகளையும் சேர்த்து ஆஞ்சியோ (தமனிகளைக் காட்டும் ஸ்கேன்) எடுக்கச் சொல்லுங்கள், தலை மட்டும் எடுத்தால் போதாது.

சர்க்கரை நோயாளி அம்மாவுக்குக் காலையில் நாக்குக் குழறி, ஒரு பக்கம் தளர்ந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் சரியாகிவிட்டது. எம்ஆர்ஐயில் வெள்ளையாக இருந்ததே? (இசிபிங்கோ)

சர்க்கரை தாழ்ந்தாலும் டிஃப்யூஷனில் அப்படி மின்னும், பல சமயம் மறைந்தும் போகும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், அதுதான் முதல் டெஸ்ட், ஸ்கேன் அப்புறம். மாத்திரை அளவை இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.