ஆராதனையில் டிரம்ஸும் கைதட்டலும்: வேதம் என்ன சொல்கிறது?

கேள்வி: சபையில் பாடல் குழுவை நடத்துகிறேன். டிரம்ஸும் கைதட்டலும் வந்ததிலிருந்து பெரியவர்கள் சிலருக்கு மனவருத்தம். "பூமியெல்லாம் அவருக்கு முன்பாக மௌனமாய் இருக்கக்கடவது" என்று ஆபகூக் 2:20-ஐக் காட்டுகிறார்கள். வாலிபர்கள் 150-ஆம் சங்கீதத்தைக் காட்டுகிறார்கள். நான் யார் பக்கம் நிற்பது?

பதில்: முதலில் அந்த ஆபகூக் வசனத்தைப் பார்த்துவிடுவோம். அதற்கு முந்தின வசனங்களைப் படியுங்கள், பேச்செல்லாம் ஊமையான விக்கிரகங்களைப் பற்றியது. மரக்கட்டையைப் பார்த்து விழித்தெழு என்கிறவனுக்கு ஐயோ என்று சொல்லிவிட்டு, ஜீவனுள்ள தேவனுக்கு முன்னால் உலகமே வாயடைத்து நிற்கட்டும் என்கிறார் தீர்க்கதரிசி. ஆராதனையில் பாடாதே என்ற சட்டம் அதில் இல்லை. அடுத்த அதிகாரமே ஒரு பாட்டுதான், அதன் கடைசி வரியில் நெகிநோத் என்னும் வாத்தியத்தில் வாசிக்க அது இராகத்தலைவனிடம் ஒப்புவிக்கப்படுகிறது.

அப்புறம் சங்கீதம் 150. எக்காளம், வீணை, சுரமண்டலம், தம்புரு, நடனம், யாழ், தீங்குழல், கடைசியில் கைத்தாளம் இரண்டு முறை, அதிலும் இரண்டாவது பேரோசையுள்ளது. சங்கீதம் 47 கைகொட்டி ஆர்ப்பரிக்கச் சொல்கிறது. ஆக, சத்தமாகத் துதிப்பது வேதத்துக்கு அந்நியமானதில்லை, இதைப் பெரியவர்களிடம் பணிவோடு, ஆனால் தயங்காமல் சொல்லலாம்.

வாலிபர்களுக்கும் ஒரு பகுதி இருக்கிறது. தேவனுடைய கற்பனைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவர தாவீது இரண்டு முறை புறப்பட்டார். முதல் முறையும் சுரமண்டலம், தம்புரு, கைத்தாளம் எல்லாம் முழங்கத்தான் போனார்கள், உற்சாகத்துக்குக் குறைவே இல்லை, ஆனாலும் வழியில் பெட்டியைக் கைநீட்டிப் பிடித்த ஊசா என்பவன் செத்துப்போனான். தேவனுடைய பணிக்கென்று பிரிக்கப்பட்ட லேவியர் தோளில் சுமக்க வேண்டிய பெட்டியை ஒரு புது வண்டியில் ஏற்றியிருந்தார்கள். இரண்டாம் முறை லேவியர் முறைப்படி சுமந்தார்கள், பாட்டில் நிபுணனான கெனானியா சங்கீதத்தை நடத்தினான், தாவீது தன் முழுப் பலத்தோடும் நடனம்பண்ணினார். இரண்டு தடவையும் சத்தம் இருந்தது. கீழ்ப்படிதல் இரண்டாம் தடவைதான் இருந்தது. ஏழைகளை மிதித்துக்கொண்டே பண்டிகை கொண்டாடினவர்களிடம், உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்று ஆமோஸ் 5:23-இல் கர்த்தரே சொல்கிறார்.

புதிய ஏற்பாட்டில் சபைகள் கூடிவந்து வாத்தியம் வாசித்ததாக எங்கும் நேரடியாக இல்லை. அதை வைத்தே சில சபைகள் இன்றும் குரலால் மட்டும் பாடுகின்றன. வாத்தியம் தடைசெய்யப்பட்டதாகவும் எங்கும் இல்லை, அதனால் நான் அதைத் தவறென்று சொல்லமாட்டேன். பவுல் வைக்கிற அளவுகோல் வேறு: ஆவியோடும் பாடுவேன், கருத்தோடும் பாடுவேன் (1 கொரிந்தியர் 14:15). கொலோசெயர் 3:16-இல் பாட்டினால் ஒருவருக்கொருவர் போதித்துப் புத்திசொல்லச் சொல்கிறார். பக்கத்தில் நிற்பவரின் குரல் காதில் விழாவிட்டால் அது எப்படி நடக்கும்?

உங்கள் குழுவிடம் நான் கேட்பது இதைத்தான். வரும் ஆராதனையில் ஒரு பாட்டின் நடுவில் நீங்கள் மைக்கைவிட்டு ஒதுங்கி, சபை பாடுகிறதா, பார்த்துக்கொண்டு நிற்கிறதா என்று கவனியுங்கள். பார்த்துக்கொண்டு நின்றால் சவுண்டைக் குறையுங்கள், சுருதியையும் சாதாரணக் குரல் எட்டுகிற இடத்துக்கு இறக்குங்கள். கடைசிச் சரணத்துக்கு டிரம்ஸையும் கீபோர்டையும் நிறுத்திவிட்டு ஜனங்களையே பாடவிடுங்கள். புதுப்பாட்டை ஒரே நாளில் மூன்று கொடுக்காதீர்கள், ஒன்றைச் சரியாகக் கற்றுக்கொடுத்தால் போதும்.

துக்கத்தோடு வருகிறவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள், இது எனக்கு ரொம்ப முக்கியம். இடிக்கப்பட்ட எருசலேம் ஆலயத்துக்கு மறுபடி அஸ்திபாரம் போட்ட நாளில், முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியோர் சத்தமிட்டு அழுதார்கள், மற்றவர்கள் கெம்பீரமாய் ஆர்ப்பரித்தார்கள், எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு என்று பிரித்தறிய முடியவில்லை (எஸ்றா 3:13). யாரும் யாரையும் அடக்கவில்லை. சங்கீதங்களில் புலம்பல்களும் ஏராளம், 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆராதனை முழுக்கத் துள்ளல் பாட்டாகவே வைக்காமல், அப்படி ஒரு சங்கீதத்தை வாத்தியமில்லாமல் மெதுவாக வாசிக்கச் செய்யுங்கள்.

பாட்டு தேர்ந்தெடுக்க உட்காரும்போது வருத்தத்தில் இருக்கிற பெரியவர்களில் ஒருவரையும் கூப்பிடுங்கள். தாவீதின் நாளில் 288 பாடகரும் முறைவரிசைக்குச் சீட்டுப்போட்டபோது சிறியவன், பெரியவன், ஆசான், மாணாக்கன் என்று வித்தியாசம் பார்க்கவில்லை (1 நாளாகமம் 25:8).