பழைய பாட்டில்களுக்குள் கழுவக் கழுவப் போகாத கறையும் வெள்ளைப் படலமும் நீங்க என்ன செய்வது?

கேட்டவர் வீட்டில் இஞ்சி சோடா புளிக்கவைக்கிறார். பழைய கண்ணாடி பாட்டில்களைச் சலவைச் சோடாவில் ஊறப்போட்டுக் கழுவியும் கழுத்தில் பழுப்பு வளையம் இருக்கிறது, காய்ந்ததும் உள்ளே வெள்ளையாகப் பூத்துவிடுகிறது என்கிறார். அதற்கு ஆளாளுக்கு "தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்க" என்று பதில் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நான் சோடா கம்பெனி வீட்டுப் பெண். குடியாத்தத்தில் அப்பா கோலி சோடா போட்டார். ஊரில் எல்லாரும் அப்பா பெயரைத்தான் சொல்வார்கள். ஆனால் பின்கட்டுத் தொட்டியில் உட்கார்ந்து அத்தனை பாட்டிலையும் கழுவியது அம்மா.

நீங்களும் எங்கள் பக்கம்தான் என்று நினைக்கிறேன். போர்த் தண்ணீரில்தான் கழுவுவீர்கள். அப்படியானால் உங்கள் பாட்டிலில் இருப்பது இரண்டு வேறு வேறு கறை. பழுப்பு வளையம் காய்ந்த ஈஸ்ட்டும் இஞ்சி மாவும் சர்க்கரையும். அதற்குச் சலவைச் சோடா சரியான மருந்து. வெள்ளைப் படலம் சுண்ணாம்பு. அதைச் சோடா தொடவே தொடாது. போதாக்குறைக்கு உப்புத் தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்தால் தண்ணீரில் இருக்கும் கால்சியம் சுண்ணாம்புத் தூளாகப் பிரிந்து கண்ணாடியில் படிகிறது. நீங்கள் கழுவக் கழுவப் படலம் கூடுவது அதனால்தான். சலவைச் சோடாவுக்குப் பிறகு வினிகர், எலுமிச்சை உப்பு மாதிரி ஒரு புளிப்பு வேண்டும். அதுவும் தனியாக, அலசிய பிறகு. யூடியூபில் காட்டுவதுபோல ஆப்ப சோடாவையும் வினிகரையும் ஒன்றாக ஊற்றினால் நுரை வரும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒன்றை ஒன்று முறித்துவிடும், மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் உப்புத் தண்ணீர்.

மாமா பையன் கல்யாணம் பள்ளிகொண்டாவில் நடந்தது. வந்தவர்களுக்குப் பன்னீர் சோடா கொடுக்கவேண்டும், அதுவும் கோலி பாட்டிலில்தான் என்று மாமா பிடிவாதமாக நின்றார். கம்பெனி மூடியபோது சாக்கில் கட்டிப் பரணில் போட்ட பாட்டில்கள் இருந்தன. இறக்கிப் பார்த்தால் உள்ளே காய்ந்த பாகு, தூசி, சிலந்திக்கூடு. கண்ணாடியே தெரியவில்லை. சித்தப்பா காயலான் கடைக்குப் போடச் சொன்னார். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

கோலி பாட்டிலைக் கழுவியவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். கழுத்து நெருக்கிப் பிடித்திருக்கும், உள்ளே இருக்கும் கோலிக் குண்டு வெளியே வராது, பிரஷ் விட்டால் குண்டில் முட்டும். அம்மா முதல் நாள் ராத்திரியே லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கணக்கில் வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பி ஊறவிட்டார். "கொதிக்கக் கொதிக்க ஊத்தாதம்மா, விரிஞ்சு பூடும்" என்று எனக்கும் சொன்னார். காலையில் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒரு பிடி நொய்யைப் போட்டு, கட்டைவிரலால் வாயை அடைத்துக்கொண்டு சுழற்றிச் சுழற்றிக் குலுக்கினார். கொட்டும்போது பாட்டிலைப் பள்ளம் இருக்கும் பக்கமாகச் சாய்க்கவேண்டும். குண்டு அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், வழி அடைக்காது. நொய்யோடு பழுப்புச் செதில் செதிலாக வந்து விழுந்தது. உங்கள் பாட்டிலில் குண்டு இல்லை, உங்களுக்கு வேலை இன்னும் சுலபம். மணலோ கம்பி நாரோ மட்டும் போடாதீர்கள். கண்ணாடியில் கீறல் விழுந்தால் அடுத்த கறை அதில்தான் பிடிக்கும்.

காய்ந்ததும் எங்கள் பாட்டிலும் வெள்ளையாகப் பூத்தது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள், அதுதான் சிட்ரிக் ஆசிட். ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி கரைத்து அரைமணி நேரம் ஊற்றி வைத்தோம். பளிச்சென்று ஆனது. கடைசி அலசல் கேன் தண்ணீரில். போர்த் தண்ணீரில் அலசினால் காய்ந்ததும் மறுபடியும் பூக்கும்.

இதைச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் பாலாற்றில் ஊற்று தோண்டி எடுத்த தண்ணீரில் பருப்பு ஒரு கொதியில் வெந்துவிடுமாம். தோல் பதனிடும் ஷாப்புக் கழிவை அப்படியே ஆற்றில் விட்டார்கள் என்று வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட்டில் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே செலவைக் கொடுக்கவேண்டும் என்று நாடு முழுக்க இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிற தீர்ப்பு அது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போடவேண்டியிருந்தது. இடையில் போன வருஷங்களுக்கு யார் பதில் சொல்வது? பாட்டில் கழுவக் கேன் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறோம். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

இன்னொன்று. வீட்டில் மது காய்ச்ச வழி சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். தமிழ்நாட்டில் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இருப்பது எனக்கும் தெரியும். இஞ்சி சோடா இரண்டு மூன்று நாள் புளித்து ஃபிரிட்ஜுக்குப் போகிற பானம். ஆனால் கறையை விட்டு வைத்தால் அதில் ஒளிந்திருக்கும் கிருமிகளும் சேர்ந்து புளிக்கும், காற்று கூடும், கத்திரி வெயிலில் பாட்டில் வெடிக்கவும் செய்யும். பிளீச்சிங் பவுடர் போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: அழுக்கு இருக்கும்போது கிருமிநாசினி அதன் அடியில் போய்ச் சேராது. அந்த பிளீச்சைப் புளிப்போடு ஒருநாளும் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

மூடியில் ரப்பர் வாஷர் இருந்தால் ஊசியால் நெம்பி எடுத்துப் பாருங்கள். பாட்டில் பளபளவென்று இருந்தும் வாடை அடிக்கிறது என்றால் அதன் அடியில்தான் கறுப்புப் பூஞ்சை இருக்கும். வாஷரைக் கழுவி மெனக்கெடாமல் புதிதாக மாற்றிவிடுங்கள். எலுமிச்சை உப்பில் ஊறியும் படலம் அசையவில்லை என்றால் அது சுண்ணாம்பு இல்லை, கண்ணாடியே அரித்துப்போயிருக்கிறது. அதில் சோடா ஊற்றாதீர்கள், எண்ணெய் ஊற்றி வைக்கலாம். மண்ணெண்ணெய், பினாயில், பூச்சிமருந்து இருந்த பாட்டில் எவ்வளவு பளிச்சென்று ஆனாலும் வேண்டாம். சாஸ் பாட்டில், சதுர பாட்டிலும் சோடாவுக்கு ஆகாது. அந்த அழுத்தத்தைத் தாங்குகிற கனம் அவற்றுக்குக் கிடையாது.