வீச்சு ஏன் 12 இல்லை, 6?

சுருள்வில்லில் தொங்கும் எடை மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் நடுவே 12 செ.மீ. நகர்கிறது, வீச்சு 12 என்று எழுதினேன், விடையில் 6 என்று இருக்கிறது என்கிறீர்கள். விடை சரிதான். வீச்சை முனையிலிருந்து முனைக்கு அளப்பதில்லை. சமநிலைப் புள்ளியிலிருந்து ஒரு முனை வரைதான்.

சமநிலை எது என்பதில் கவனம் தேவை. வில்லின் இழுபடாத நீளம் இல்லை அது. எடையை மாட்டியதும் வில் கொஞ்சம் நீண்டு, எடை அசையாமல் நிற்குமே, அந்த இடம். அங்கிருந்து 6 மேலே, 6 கீழே. ஒரு முழு அலைவில், அதாவது ஒரு முனையில் கிளம்பி அதே முனைக்குத் திரும்பும்போது, எடை கடக்கும் தூரம் 24 செ.மீ.; இதிலும் பலர் தவறுவார்கள்.

அப்புறம், வீச்சை இரட்டித்தால் அலைவுக்காலமும் (ஒரு முழு அலைவுக்கு ஆகும் நேரம்) இரட்டிக்காதா என்ற கேள்வி. இரட்டிக்காது. இரு மடங்கு தூரம் இழுத்தால் வில் இரு மடங்கு விசையோடு திருப்பி இழுக்கும். வேகமும் அலைவின் ஒவ்வொரு கட்டத்திலும் இரு மடங்காகிவிடும், அதனால் அதே நேரத்தில் அலைவு முடிந்துவிடும். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆற்றல் மட்டும் நான்கு மடங்காகும், அது வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது.

தனி ஊசலுக்கு, அதாவது நூலில் தொங்கி ஆடும் குண்டுக்கு, வீச்சு கூடினாலும் அலைவுக்காலம் மாறாது என்பது சிறிய கோணங்களில் மட்டுமே பொருந்தும். 60 பாகை விலக்கி விட்டால் அலைவுக்காலம் சுமார் 7 சதவீதம் கூடிவிடும்.

அலை வரைபடத்திலும் வீச்சை அளப்பது அப்படித்தான்: முகட்டுக்கும் (அலையின் உச்சி) அகட்டுக்கும் (அலையின் அடி) உள்ள உயர வித்தியாசத்தில் பாதியை எடுங்கள். கிடைமட்டத்தில் அளந்தால் கிடைப்பது வேறு அளவு.