கை மேலே போகவில்லை, கோளாறு கையில் இல்லை

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 36. மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஒரு வருடமாக வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்க, இடது கையால் வலது முழங்கையைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஃப்ரோசன் ஷோல்டர் (தோள் மூட்டு இறுகிப்போவது) என்று ஆறு மாதம் பயிற்சி செய்தும் பலனில்லை. முதுகில் எலும்பு துருத்துகிறது என்கிறாள் மனைவி. இப்போது தசைகள் மெலிந்துபோகும் மஸ்குலர் டிஸ்ட்ரோபியாக இருக்கலாம் என்கிறார்கள். அது சின்னப் பிள்ளைகளுக்குத்தானே வரும்?

பதில்: பிள்ளைகளுக்கு வருவது டூஷென் வகை. முகம், தோள், மேற்கைத் தசைகளை மெலிய வைக்கும் எஃப்.எஸ்.ஹெச்.டி. என்ற வகையைப் பெரியவர்களிடமும் பார்க்கிறோம், நீங்கள் எழுதியிருப்பது அதோடு நிறையவே ஒத்துப்போகிறது. கையைத் தூக்கும்போது முதுகுப் பக்கத் தோள் எலும்பு விலாவோடு ஒட்டிப் படிந்து, கூடவே சுழன்று கொடுக்க வேண்டும். அதை இழுத்துப் பிடிக்கும் தசைகள் மெலிந்துவிட்டால் எலும்பு இறக்கை மாதிரி வெளியே தள்ளிவிடும். அடியில் யாரும் பிடிக்காத ஏணியில் ஏறுகிற கதைதான், மேற்கைத் தசை ஓரளவு நன்றாக இருந்தாலும் கை பாதியிலேயே நின்றுவிடும்.

துருத்தும் எலும்பை உங்கள் மனைவி உள்ளங்கையால் விலாவோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கட்டும், அப்போது தூக்கிப் பாருங்கள். முன்னைவிட மேலே போகிறதா? இன்னொருவர் தூக்கினால் காதுவரை தடையில்லாமல் வருகிறதா? ஃப்ரோசன் ஷோல்டரில் யார் தூக்கினாலும் மூட்டு விடாது. விசில் அடிக்க வராதது, ஸ்ட்ராவில் உறிஞ்ச முடியாதது, கண் முழுக்க மூடாமல் தூங்குவது, இதெல்லாம் இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தசை சிதையும்போது ரத்தத்தில் கூடும் சி.கே. என்ற நொதியின் அளவு சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், இந்த வகையில் அது சாதாரணமாகவும் இருக்கலாம். 4-வது குரோமோசோமைப் பார்க்கும் தனி மரபணுச் சோதனைதான் உறுதி செய்யும், வழக்கமான மரபணுச் சோதனையில் இது தவறிப்போகும். உறுதியானால் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்த மரபணுக் கோளாறு வர பொதுவாக 50 சதவீத வாய்ப்பு உண்டு என்பதால், ஆலோசனைக்கு மனைவியையும் அழைத்துப் போங்கள்.

குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் பெரும்பாலும் ஆயுளைக் குறைப்பதில்லை, மெதுவாகத்தான் போகும். வலியைப் பொறுத்துக்கொண்டு கையை மேலே தள்ளும் பயிற்சியை இன்றே நிறுத்துங்கள். நடை, நீச்சல் போன்றவற்றை மறுநாள் வலிக்காத அளவுக்குச் செய்யலாம். சிலருக்குத் தோள் எலும்பை விலாவோடு பிணைக்கும் அறுவை சிகிச்சை கை உயர உதவுகிறது, அது அப்புறம் யோசிக்க வேண்டியது. முதலில் கடையில் அடிக்கடி எடுக்கும் டப்பாக்களை இடுப்பு உயரத் தட்டுக்கு இறக்கிவிடுங்கள்.