அம்மாவின் தைராய்டு மாத்திரையை நாய்க்குக் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு ஆறு வயது, ஆண். சில மாதங்களாக எடை கூடி, எந்நேரமும் படுத்தே கிடக்கிறான். வாலிலும் இடுப்பின் இரு பக்கமும் முடி கொட்டித் தோல் கறுத்துவிட்டது. அரிப்பும் உண்டு, அதற்கு ஒருவர் வீட்டுக்கு வந்து மாதம் ஒரு ஊசி போடுகிறார். நாய்க்கு முடி வெட்டும் கடையில் ‘இது தைராய்டு’ என்று சொல்லி, அவர்களே ஆள் அனுப்பி ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் டி4 1.6, டிஎஸ்எச் 0.01. இரண்டுக்கும் எதிரே ‘குறைவு’ என்று இருக்கிறது. கடல்பாசிப் பொடி ஒன்றையும் விற்றார்கள். என் அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். அதில் பாதியை இவனுக்குக் கொடுக்கலாமா, டாக்டர்?
(ஒரு வாசகி, திருச்சி)

பதில்: கொடுக்க வேண்டாம். பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். உங்கள் நாய்க்குத் தைராய்டு குறைபாடு இருக்க வாய்ப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. நடுவயது லாப்ரடார், எடை, சோம்பல், முடி உதிர்ந்த வால், கறுத்த தோல் என்று நீங்கள் எழுதியிருப்பவை அந்த நோய்க்குப் பொருந்துகின்றன. ஆனால் கையில் இருக்கும் அந்தத் தாள் அதை நிரூபிக்கவில்லை.

தாளின் மேல்பகுதியைப் பாருங்கள். பெயர், வயது 6, ஆண் என்று அச்சாகியிருக்கும். நாய் என்று எங்காவது இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. மனிதர்களுக்கான லேபில் கொடுத்து, மனிதர்களுக்கான கருவியில் ஓட்டி, மனிதர்களுக்கான அளவுகோலை எதிரே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். டி4 என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன். மனிதரின் ரத்தத்தில் மொத்த டி4 ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 5 முதல் 12 மைக்ரோகிராம் வரை இருக்கும். நாய்க்குச் சுமார் 1 முதல் 4 வரைதான். ஆகவே உங்கள் நாயின் 1.6 என்பது நாய்களின் கணக்கில் கீழ்ப்பாதியில் இருந்தாலும் எல்லைக்குள்தான் இருக்கிறது. மனிதக் கணக்கில் வைத்தால் ஆரோக்கியமான நாய்கள் எல்லாவற்றுக்கும் ‘குறைவு’ என்றுதான் வரும்.

டிஎஸ்எச் விஷயம் இதைவிட மோசம். மூளையின் அடியிலுள்ள சுரப்பி, தைராய்டை வேலை வாங்குவதற்காக விடும் ஹார்மோன் அது. தைராய்டு சுணங்கினால் டிஎஸ்எச் கூட வேண்டும். உங்கள் தாளில் அடியோடு குறைந்திருக்கிறது. காரணம், நாயின் டிஎஸ்எச்சை மனிதருக்கான சோதனை அடையாளம் காணாது. கிட்டத்தட்ட பூஜ்யம் என்றுதான் காட்டும். அந்த எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை. ஒரு ரத்த மாதிரி எந்த உயிரினத்திடமிருந்து வந்தது என்று கேட்டு எழுதக்கூட இங்கே கட்டாயம் இல்லாமல் இருப்பதும், ஆயிரக்கணக்கில் செலவழித்தபிறகு ஒரு குடும்பத்தின் கையில் இப்படியொரு தாள் மிஞ்சுவதும் எனக்குப் பொறுக்க முடியாத விஷயங்கள்.

அடுத்து, மாதாந்திர ஊசி. அதன் பெயரை நீங்கள் எழுதவில்லை. அவர் சொல்லியிருக்கவும் மாட்டார். ஒரே நாளில் அரிப்பை அடக்கி, ஒரு மாதம் தாக்குப்பிடிக்கிறது என்றால் அநேகமாக நீண்டகால ஸ்டீராய்டுதான். ஸ்டீராய்டு டி4 அளவைக் கீழே இழுக்கும். பசியைக் கூட்டும், எடையை ஏற்றும், வயிற்றைத் தொங்கவைக்கும், முடியைக் கொட்டவைக்கும், நிறையத் தண்ணீர் குடிக்கவைக்கும். தைராய்டு என்று உங்களுக்குச் சொல்லப்பட்ட அத்தனையையும் அந்த ஊசியே செய்ய முடியும். உங்கள் நாய் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறானா, அடிக்கடி சிறுநீர் கழிக்கிறானா என்று மூன்று நாள் கவனித்துக் குறித்துவையுங்கள். தைராய்டு குறைபாட்டில் அது வழக்கமில்லை. இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் 1984இலேயே வந்துவிட்டது. பதிவு பெற்ற மருத்துவரே சிகிச்சை தர வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனாலும் மருந்துப் பெயரைச் சொல்லாமல் வீடு வீடாக ஊசி போட்டுக்கொண்டு போகிறவர்களைத் தட்டிக்கேட்க ஆளில்லை. அடுத்த மாத ஊசியைப் போட அனுமதிக்காதீர்கள். ஒருவேளை தினமும் ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்துவந்தால், அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அரிப்பும் என்னை யோசிக்கவைக்கிறது. தைராய்டால் உதிரும் முடி, உடலின் இரு பக்கமும் ஒரேமாதிரி, அரிப்பில்லாமல் உதிரும். அரிப்பு இருந்தால் தோலில் கிருமித்தொற்று சேர்ந்திருக்க வேண்டும், அல்லது நோயே வேறாக இருக்க வேண்டும். சொறி, பூஞ்சை, தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை ஆகியவற்றை முதலில் விலக்குங்கள். தோலைச் சுரண்டிப் பார்க்கும் சோதனைக்கு ஒரு நுண்ணோக்கி போதும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலையும் மறக்கக் கூடாது. நாய் எந்த நோயில் கிடந்தாலும் டி4 தானாக இறங்கும். அதற்கு மாத்திரை கொடுத்தால் உள்ளே இருக்கும் நோய் கவனிக்கப்படாமல் வளரும்.

லாப்ரடார் வைத்திருக்கும் உங்களுக்கு இனி சொல்லப்போவது தேவையில்லை. ஆனால் சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களை வளர்ப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். கிரேஹவுண்ட், விப்பெட், சலூக்கி போன்ற ஓட்டவேட்டை நாய்களுக்கு நல்ல ஆரோக்கியத்திலேயே டி4 மற்ற நாய்களைவிடக் குறைவாக இருக்கும். நாய்களுக்கான அளவுகோலை வைத்தாலும் பெரும்பாலும் ‘குறைவு’ என்றுதான் வரும். சிப்பிப்பாறையும் கன்னியும் அதே உடல்வாகு கொண்ட ஓட்டவேட்டை நாய்கள். ஒல்லியாக, துள்ளலாக, தோல் பளபளக்க ஓடும் ஒரு சிப்பிப்பாறைக்கு, முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் எடுத்த ஓர் எண்ணை வைத்துத் தைராய்டு முத்திரை குத்தக் கூடாது. நோயின் அறிகுறி எதுவும் இல்லாத ஓட்டவேட்டை நாய்க்குத் தைராய்டு மாத்திரை வேண்டாம். யார் எழுதிக்கொடுத்தாலும் இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள். அறிகுறி இருந்தால், டிஎஸ்எச்சும் கூடியிருக்கிறதா என்று பார்த்தபிறகே முடிவெடுக்க வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்களுக்கு நாமக்கல்லும் ஒரத்தநாடும் எட்டும் தூரம்தான். இரண்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள் உள்ளன. நாய்களுக்கான டிஎஸ்எச் சோதனை அங்கேயே நடக்கிறதா, மாதிரியை வெளியே அனுப்புகிறார்களா என்று போனில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். மாவட்டத்துக்கு ஓரிடத்திலாவது இந்தச் சோதனை இருந்தால் இவ்வளவு அலைச்சல் வேண்டாம். வீட்டு நாய்களைப் பிடித்திருக்கும் நோய்களைப் பார்க்க அரசு மருத்துவமனைகளுக்கு வசதி கொடுங்கள் என்று எத்தனை காலம்தான் கேட்பது? கடைசி ஊசி போட்டு ஆறு வாரமாவது கழிந்தபின் ரத்தம் எடுப்பது நல்லது; நீண்டகால ஊசியென்றால் மருத்துவர் இன்னும் தள்ளிப்போடச் சொல்லலாம். டி4, நாய்க்கான டிஎஸ்எச், முடிந்தால் தனி டி4 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் தனித்திருக்கும் டி4), கூடவே கொழுப்பின் அளவு. டி4 குறைந்து டிஎஸ்எச்சும் கூடியிருந்தால் நோய் உறுதி. கொழுப்பு எகிறியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

உறுதியானால் பயப்பட எதுவுமில்லை. இது நன்றாகக் கட்டுப்படும் நோய். மருந்து உங்கள் அம்மா சாப்பிடும் அதே லெவோதைராக்சின்தான், ஆனால் கணக்கு வேறு. நாயின் உடல் இம்மருந்தை மிக வேகமாகச் செலவழித்துவிடும். வழக்கமான தொடக்க அளவு உடல் எடையில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. 35 கிலோ லாப்ரடாருக்கு அது வேளைக்கு 700 மைக்ரோகிராம். அம்மாவின் 100 மைக்ரோகிராம் மாத்திரையில் பாதி, நோயுள்ள நாய்க்கு ஒன்றுக்கும் உதவாது. அடுத்து எடுக்கும் சோதனையைக் குழப்புவதற்கு மட்டும் போதும். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்து அதிர்ந்து, ‘தவறாக எழுதியிருக்கிறார்’ என்று தானே குறைத்துக் கொடுப்பதும் நடக்கிறது. அளவை மருத்துவர் மட்டுமே மாற்றலாம். இதயநோய் உள்ள நாய்க்கு அவரே குறைவாகத் தொடங்குவார்.

மாத்திரையை உணவுக்கு முன் வெறும் வயிற்றில் கொடுப்பது நல்லது. அது முடியாவிட்டால் தினமும் ஒரே முறையில் கொடுங்கள். கால்சியம் டானிக்கோடு சேர்க்காதீர்கள். ஓரிரு வாரத்தில் சுறுசுறுப்பு திரும்பும். எடை குறைய இரண்டு மாதம் ஆகலாம், முடி வளர நான்கு மாதம் வரை ஆகலாம். பழைய முடி உதிர்ந்து புதியது வருவதால் முதல் மாதம் இன்னும் அசிங்கமாகத் தெரியும். அப்போது பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஆறு வாரம் கழித்து, மாத்திரை கொடுத்த நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். இரைப்பு, ஓயாத அலைச்சல், அதிகத் தாகம் தெரிந்தால் அளவு கூடிவிட்டது என்று கொள்ளுங்கள். உடனே மருத்துவரிடம் பேசுங்கள்.

அயோடினுக்காக விற்கப்படும் அந்தக் கடல்பாசிப் பொடியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். நாய்களின் தைராய்டு குறைவது பெரும்பாலும் உடலின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பியை அரிப்பதாலோ, சுரப்பி தானே சுருங்கிப்போவதாலோதான். அயோடின் போதாமையால் அல்ல. அழிந்த சுரப்பியை அயோடினால் மீட்க முடியாது. அளவுக்கு மீறிய அயோடின் நல்ல சுரப்பியையும் கெடுக்கும். இறைச்சிக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று ஆடு, மாட்டின் தொண்டைப்பகுதியைச் சிலர் நாய்க்குப் போடுகிறார்கள். அதில் விலங்கின் தைராய்டே ஒட்டியிருக்கும் என்பதால் நாய்க்கு ஹார்மோன் எகிறிவிடும். அதையும் தவிர்க்கவும்.

மருத்துவரிடம் போகும்போது ஊசி போட்ட தேதிகள், தண்ணீர்க் குறிப்பு, பழைய ரிப்போர்ட், அவன் ஒருநாளில் தின்னும் எல்லாவற்றின் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அந்தப் பட்டியலில் பிஸ்கட்டையும் பால்சோற்றையும் விட்டுவிடாதீர்கள்.